எங்கள் மூஸா, எங்கள் ஈஸா



யூத, கிறித்தவ சமயங்களோடு இஸ்லாத்துக்குப் பொதுவாக உள்ள நபிமார்களைப் பற்றி இந்த அறக்கட்டளைக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சமய நல்லிணக்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். மூன்று சமயத்தாரும் ஆபிரகாமின் பிள்ளைகள் என்பார்கள். அது உண்மை, மனம் நிறைந்து சொல்ல வேண்டிய உண்மை. ஆனால் அந்த இடத்தோடு நின்றுவிட்டால், இஸ்லாம் இந்த நபிமார்களை எப்படிப் பார்க்கிறது என்பது பாதிகூட விளங்காது. மூஸா நபியை, அதாவது மோசேயை, யூதர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட ஒரு பெரியவராக முஸ்லிம்கள் நினைப்பதில்லை. ஈஸா நபியை, அதாவது இயேசுவை, அயலாரின் வழிபாட்டுக்குரியவர் என்று எண்ணித் தள்ளி நின்று மரியாதை செய்வதும் இல்லை. இருவரும் முஸ்லிம்களுக்குச் சொந்த நபிமார்கள். சொந்தம் என்பதால்தான் அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லிலும் இஸ்லாம் கண்ணாக இருக்கிறது. வேறுபடும் இடத்தில் அது அழுத்தமாக வேறுபடுவதும் அந்த உரிமையால்தான். உறவும் வேறுபாடும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதைத்தான் இன்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நபிமார்களின் பெயரைச் சொல்லும்போது அலைஹிஸ் ஸலாம் என்று சேர்த்துச் சொல்வது எங்கள் மரபு. அச்சில் ஒவ்வோரிடத்திலும் அதை இடவில்லை. வாசிக்கிறவர்கள் மனத்தில் சொல்லிக்கொள்வார்களாக.

திருக்குர்ஆனில் யாருடைய பெயர் அதிகம் வருகிறது என்று பார்த்தால் முதலிடம் மூஸா நபிக்கு. 136 முறை. இப்ராஹீம் நபியின் பெயர் 69 முறை, நூஹ் நபியின் பெயர் 43 முறை, ஈஸா நபியின் பெயர் 25 முறை. முஹம்மது என்ற பெயர் 4 முறை வருகிறது. அஹ்மத் என்று ஒரு முறை. முதன்முதலாகக் கேட்கும் கிறித்தவ நண்பர்கள் இதில் வியப்படைகிறார்கள். குர்ஆன் இறங்கிய சூழலை எண்ணிப் பார்த்தால் வியப்புக்கு இடமில்லை. மக்காவில் ஒரு சிறு கூட்டம் ஒரே இறைவனை நம்பியதற்காக அடிபட்டுக்கொண்டிருந்தது. அடிமைப்பட்ட ஒரு சமூகத்தை எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் பிடியிலிருந்து மீட்டுக் கடல் கடந்து கொண்டுபோன ஒருவரின் வரலாற்றைவிட அந்தக் கூட்டத்துக்கு நெருக்கமான வரலாறு வேறு எது இருக்க முடியும்? முந்திய தூதர்களின் செய்திகளைச் சொல்வது உமது உள்ளத்தை உறுதிப்படுத்துவதற்காகவே என்று குர்ஆனே நபிகளாரிடம் காரணம் கூறுகிறது.

சொல்லும் முறையும் வேறு. பைபிளில் ஆதியாகமம் தொடங்கி வம்சம் வம்சமாக வரலாறு நடக்கிறது. குர்ஆன் ஒரு வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் சொல்வது பெரும்பாலும் யூசுப் நபிக்கு மட்டும்தான். 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள். மற்ற நபிமார்களின் வாழ்க்கை அங்கொரு காட்சி, இங்கொரு காட்சியாக, அந்தந்த இடத்தின் தேவைக்கேற்ப வரும். கேட்கிறவருக்குக் கதை ஓரளவு தெரியும் என்ற எண்ணத்தில் குர்ஆன் பேசுகிறது. ஆண்டு, ஊர், வயது ஆகியவற்றில் அது நிற்பதில்லை. அந்த நபி தம் மக்களிடம் என்ன சொன்னார், மக்கள் என்ன பதில் சொன்னார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்பதில்தான் நிற்கிறது.

நபி என்பவர் யார் என்பதிலேயே மூன்று சமயங்களின் கணக்கும் ஒன்றாக இல்லை. யூத மரபில் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் ஆகியோர் பெரும் தீர்க்கதரிசிகள். ஏசாயாவின் பெயரோ எரேமியாவின் பெயரோ குர்ஆனில் இல்லை. மாறாக, தாவீதும் சாலமோனும் பைபிளில் முதன்மையாக அரசர்கள். குர்ஆனில் தாவூதும் சுலைமானும் நபிமார்கள். முதல் மனிதர் ஆதமே இஸ்லாத்தில் முதல் நபி. ஹூது, ஸாலிஹ் போன்ற அரபு நபிமார்கள் பைபிளில் இல்லை. குர்ஆன் பெயர் சொல்பவர்கள் 25 பேர். பெயர் சொல்லாதவர்களும் உண்டு என்றும், தூதர் வராத சமுதாயம் இல்லை என்றும் அது சேர்த்தே சொல்கிறது. இந்தக் கடைசிக் கருத்தை நம் நாட்டு மார்க்க அறிஞர்கள் பலர் மிகுந்த ஆர்வத்தோடு எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

இத்தனை பேரையும் நம்புவது விருப்பப் பாடம் இல்லை. ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஓர் உறுப்பு. தூதர்களுக்கிடையே நாங்கள் வேற்றுமை பாராட்டுவதில்லை என்று நம்பிக்கையாளர்கள் சொல்வதாக இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் வருகிறது. முஹம்மது நபியை ஏற்றுக்கொண்டு ஈஸாவை மறுக்கும் ஒருவர் முஸ்லிமாக இருக்க முடியாது. நபிமார்கள் ஒரு தந்தைக்குப் பிறந்த சகோதரர்கள், அவர்களின் தாய்மார் வேறு வேறு, மார்க்கம் ஒன்று என்ற கருத்தில் புகாரியின் நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. சட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறின, அடிப்படை மாறவில்லை என்பது அதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம்.

இனி இப்ராஹீம் நபிக்கு வருகிறேன். இங்கே சற்று அதிக நேரம் நிற்க அனுமதிக்க வேண்டும்.

மூன்று சமயங்களுக்கும் அவர் தந்தை. ஆனால் எந்த வகையில் தந்தை? யூதருக்கு உடன்படிக்கையின் தந்தை: அவருடைய வித்துக்கு ஒரு நாடு வாக்களிக்கப்பட்டது. கிறித்தவருக்குப் பவுல் விளக்கியபடி விசுவாசத்தின் தந்தை: விருத்தசேதனத்துக்கு முன்பே நம்பிக்கையால் நீதிமான் ஆனவர். இஸ்லாத்தில் அவர் தனியொருவராக நின்று சிலைகளை மறுத்தவர், யூதரும் இல்லை, கிறித்தவரும் இல்லை, நேர்வழி நின்று இறைவனுக்கு அடிபணிந்தவர். குர்ஆனில் ஒரு சிறிய உரையாடல் வருகிறது. உம்மை மனிதர்களுக்குத் தலைவர் ஆக்குகிறேன் என்று இறைவன் சொன்னதும், என் சந்ததியிலிருந்துமா என்று ஒரு தகப்பனுக்கே உரிய கேள்வியை அவர் கேட்கிறார். என் வாக்குறுதி அநியாயக்காரர்களைச் சேராது என்று பதில் வருகிறது. வம்சம் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதை இஸ்லாம் இந்த இடத்தில் நாட்டிவிடுகிறது. அது யூதருக்கு மட்டும் சொன்னதில்லை. இஸ்மாயீலின் வழியில் வந்த மக்காவின் குறைஷிக் குலத்தாருக்கும் அதே சொல்தான்.

அவர் தம் மகனைப் பலியிடச் சென்ற நிகழ்ச்சியைப் பாருங்கள். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டி, விறகைப் பிளந்து, மகனை அழைத்துக்கொண்டு மூன்று நாள் பயணம் போகிறார். மலையேறும் வழியில், நெருப்பும் விறகும் இருக்கின்றன, ஆட்டுக்குட்டி எங்கே என்று பையன் கேட்கிறான். தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார் தகப்பன். அதற்குமேல் ஈசாக்கு ஒரு வார்த்தையும் பேசுவதாக அந்த அதிகாரத்தில் இல்லை. உலக இலக்கியத்தில் இதைப்போல் நெஞ்சைப் பிசையும் மௌனம் அரிது. பிற்கால யூத மரபு அந்த மௌனத்தைத் தாங்காமல், ஈசாக்கு அப்போது 37 வயது ஆண்மகன், மனமுவந்து கட்டுப்பட்டார் என்று விளக்கம் சொன்னது. விறகைச் சுமந்து மலையேறும் மகனில் சிலுவை சுமந்த கிறிஸ்துவின் முன்னடையாளத்தைக் கண்டது கிறித்தவ மரபு.

குர்ஆன் 37ஆம் அத்தியாயத்தில் கழுதை இல்லை, விறகு இல்லை, மூன்று நாள் இல்லை. நேரே உரையாடல். உன்னை அறுப்பதாகக் கனவில் காண்கிறேன், நீ என்ன நினைக்கிறாய், பார் என்று தகப்பன் மகனிடம் கேட்கிறார். மகன் தயங்காமல், உங்களுக்கு ஏவப்பட்டதைச் செய்யுங்கள், இறைவன் நாடினால் என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்கிறார். இருவரும் அடிபணிந்தார்கள் என்று இருமையில் வினைச்சொல் வருகிறது. இதில் சோதனை தகப்பனுக்கு மட்டும் வந்ததில்லை. மகனும் அறிந்து, ஒப்பி, பங்கேற்கிறார். இறைவனுடைய கட்டளையானாலும் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் செய்த ஒரு தகப்பனை இஸ்லாம் தன் முன்மாதிரியாக வைத்திருக்கிறது. பக்ரீத் குத்பாக்களில் தியாகத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தகப்பன் மகனிடம் கேட்டாரே, அதைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

அந்த மகன் யார்? குர்ஆன் பெயர் சொல்லவில்லை. இன்று ஏறத்தாழ எல்லா முஸ்லிம்களும் இஸ்மாயீல் என்றே நம்புகிறார்கள். பலி நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் இஸ்ஹாக்கைப் பற்றிய நற்செய்தி வருகிறது என்பது அதற்கு வலுவான சான்று. ஆனால் முற்கால உரையாசிரியர்களிடையே இதில் இரண்டு கருத்து இருந்தது. பேருரை எழுதிய இமாம் தபரி, இரு தரப்புச் சான்றுகளையும் அடுக்கிவிட்டு, இஸ்ஹாக் என்ற முடிவுக்கே வந்தார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இப்னு கஸீர் அதைக் கடுமையாக மறுத்து, இஸ்ஹாக் என்பது வேதக்காரர்களிடமிருந்து வந்த செய்தி என்றார். ஆரம்ப காலத்தில் இது யூதரா முஸ்லிமா என்ற வழக்காக இருக்கவில்லை. முஸ்லிம் அறிஞர்களுக்குள் நடந்த ஆய்வாக இருந்தது. இஸ்ஹாக்கும் எங்கள் நபிதானே, அவர் என்றால்தான் என்ன குறை என்ற நிம்மதியோடு அவர்களால் பேச முடிந்தது. அந்த நிம்மதி இன்று நமக்கும் வேண்டும்.

இப்ராஹீம் நபியின் குடும்பத்தில் குர்ஆன் பெயர் சொல்லாத ஒரு பெண்மணி இருக்கிறார். ஹாஜரா அம்மையார். ஆதியாகமத்தில் ஆகார், சாராளின் மனக்கசப்பால் பெயெர்செபா வனாந்தரத்தில் அலைகிறாள். தூதன் அவளைக் கூப்பிடுகிறான்; தேவன் அவள் கண்களைத் திறக்க, ஒரு துரவைக் காண்கிறாள். இஸ்லாமிய மரபில் இடம் மக்காவின் பாலை. தம்மையும் குழந்தையையும் அங்கே விட்டுவிட்டுத் திரும்பும் கணவரின் பின்னால் போய், இது இறைவனின் கட்டளையா என்று அவர் கேட்கிறார். ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று திரும்பி நடக்கிறார். பிறகு தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடுகிறார். இன்று ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற ஒவ்வொருவரும், அரசரானாலும் ஆலிமானாலும், அந்த ஏழு ஓட்டத்தை ஓடியாக வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வரும். பைபிளில் வெளியேற்றப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணின் காலடியை ஒரு சமுதாயத்தின் கடமையாக்கியது இஸ்லாம். ஒவ்வொரு தொழுகையின் கடைசி இருப்பிலும், இப்ராஹீமுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அருள்புரிந்ததைப் போல முஹம்மதுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அருள்புரிவாயாக என்று வேண்டுகிறோம். ஐந்து வேளையும் தொழும் ஒரு மீன் வியாபாரி தன் நாளில் எத்தனை முறை இப்ராஹீமின் பெயரைச் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, மூன்று சமயங்களும் மிகக் கூர்மையாகப் பிரியும் ஓர் இடம். நபிமார்களின் ஒழுக்கம்.

பைபிள் தன் பெரியவர்களின் குறைகளை மறைப்பதில்லை. லோத்தும் அவன் மகள்களும் பற்றிய செய்தி, தாவீதும் பத்சேபாளும் பற்றிய செய்தி, முதிர்ந்த வயதில் அன்னிய தெய்வங்களுக்குப் பின் போன சாலமோன், பொன் கன்றுக்குட்டியை வார்த்துக் கொடுத்த ஆரோன் என எல்லாம் அதில் உண்டு. கிறித்தவ, யூத அறிஞர்கள் இதைத் தங்கள் வேதத்தின் நேர்மையாகக் கருதுகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவனும் விழுவான், விழுந்தவன் மனம் திரும்பினால் ஏற்கப்படுவான் என்பது அவர்கள் பெறும் பாடம். 51ஆம் சங்கீதத்தைத் தாவீதின் கண்ணீராகப் படிக்கும் ஒருவருக்கு அந்தப் பாவக் கதை இல்லாமல் அந்தக் கண்ணீர் இல்லை. இதை நாம் மதித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இஸ்லாத்தின் நிலை வேறு. நபி என்பவர் செய்தி கொண்டுவருபவர் மட்டுமல்லர். அந்தச் செய்தியின்படி வாழ்ந்து காட்டுபவர். அவரைப் பின்பற்றச் சொல்லிவிட்டு அவரையே பெரும்பாவத்தில் விட்டால் மக்கள் எதைப் பின்பற்றுவார்கள் என்பது அறிஞர்களின் வாதம். இதிலிருந்துதான் இஸ்மத் என்ற கொள்கை, நபிமார்கள் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்பது, உருவாயிற்று. லூத் நபியைப் பற்றிய அந்தச் செய்தி குர்ஆனில் அறவே இல்லை. சுலைமான் நிராகரிக்கவில்லை, ஷைத்தான்களே நிராகரித்தார்கள் என்று அது வெளிப்படையாகவே மறுக்கிறது.

ஆரோன் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். யாத்திராகமம் 32இல் மக்களின் காதணிகளைக் கழற்றி வாங்கி உருவம் செய்தவர் ஆரோனே. குர்ஆனில் அதைச் செய்தவன் ஸாமிரி என்பவன். ஹாரூன் தடுத்தார், மக்கள் கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய மூஸா நபி கோபத்தில் அண்ணனின் தலையைப் பிடித்து இழுக்கிறார். என் தாயின் மகனே, தாடியையும் தலையையும் பிடிக்காதே என்று ஹாரூன் சொல்லும் அந்த ஒரு விளியில் ஒரு குடும்பமே தெரிகிறது. தந்தையைச் சொல்லவில்லை, தாயைச் சொல்லித் தம்பியின் கோபத்தைத் தணிக்கப் பார்க்கிறார். மக்கள் என்னைக் கொன்றுவிடத் துணிந்தார்கள் என்றும் சொல்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, யூதர்களின் தல்மூதும் ஆரோனைக் காப்பாற்றவே முயல்கிறது என்பது. தடுத்த ஊர் என்பவரை மக்கள் கொன்றுவிட்டதை ஆரோன் கண்ணால் கண்டார், அதனால்தான் இணங்கினார் என்று அது சொல்கிறது. ஆரோனின் பெயருக்கு ஏற்பட்ட களங்கம் யூத ரபிகளையும் உறுத்தியிருக்கிறது.

தாவூத் நபி விஷயம் இன்னும் நுட்பம். 2 சாமுவேலில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஆடுமாடு திரளாக வைத்திருந்த பணக்காரன் ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்லி, நீயே அந்த மனுஷன் என்கிறான். குர்ஆனில் சுவரேறிக் குதித்து இரண்டு பேர் வழக்கோடு வருகிறார்கள். ஒருவனிடம் 99 பெண்ணாடுகள், மற்றவனிடம் ஒன்று. தாவூத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து விழுந்து பணிகிறார். என்ன சோதனை என்று குர்ஆன் சொல்லவில்லை. பத்சேபாள் கதையை இந்த வசனத்தோடு சேர்த்துச் சொன்ன பழைய உரைகள் உண்டு. இமாம் ஃபக்ருத்தீன் ராஸி போன்றோர் அதை முற்றாக மறுத்தார்கள். மறுதரப்பைக் கேட்பதற்கு முன் தீர்ப்புச் சொன்னதுதான் அந்தத் தவறு என்று விளக்கியவர்களும் உண்டு. நீதிபதியின் இருக்கையில் இருப்பவருக்கு அது சின்னத் தவறா என்ன!

நபிமார்களைக் குறையே இல்லாத சிலைகளாக இஸ்லாம் ஆக்கிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆதம் மறந்தார். மூஸாவின் ஒரு குத்தில் எகிப்தியன் ஒருவன் இறந்தான். அவர் மன்னிப்புக் கேட்டார். யூனுஸ் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். கண் தெரியாத ஒருவர் இடையில் வந்து கேட்டபோது முகம் சுளித்ததற்காக முஹம்மது நபியையே 80ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. அந்தக் கண்டனத்தை நபிகளாரே மக்களுக்கு ஓதிக் காட்டினார்கள். சறுக்கல் உண்டு, சறுக்கிய உடனே திரும்புதலும் உண்டு.

ஈஸா நபியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவருடைய தாயாரிலிருந்து தொடங்க வேண்டும். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் மர்யம். ஓர் அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் யோசேப்பு உடனிருக்கிறார், முன்னணை இருக்கிறது, மேய்ப்பர்கள் வருகிறார்கள். குர்ஆனில் மர்யம் தனியாக இருக்கிறார். பிரசவ வலி அவரை ஒரு பேரீச்ச மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. இதற்கு முன்பே நான் செத்துப்போயிருக்கக் கூடாதா என்று கதறுகிறார். எந்தத் தாய்க்கும் வலியின் உச்சத்தில் வரும் சொல் அது. அதை வேதம் மறைக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. கவலைப்படாதே, உன் காலடியில் நீரோடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் உதிரும், தின்று குடித்துக் கண் குளிர்ந்திரு என்று ஒரு குரல் ஆறுதல் சொல்கிறது. பிள்ளையை ஏந்தி ஊருக்குள் வந்ததும் பழி பேசுகிறார்கள். மர்யம் வாய் திறக்காமல் குழந்தையைச் சுட்டிக்காட்டுகிறார். தொட்டில் குழந்தை பேசுகிறது: தான் இறைவனின் அடியான், நபி. குழந்தை பேசிய முதல் பேச்சு தாயின் மானத்தைக் காத்தது.

மஸீஹ், இறைவனின் வார்த்தை, அவனிடமிருந்து வந்த ஆன்மா என்று குர்ஆன் ஈஸாவைச் சிறப்பிக்கிறது. பிறவிக் குருடரையும் தொழுநோயாளியையும் குணமாக்கியதையும், இறந்தவரை உயிர்ப்பித்ததையும் ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொன்றும் இறைவனின் அனுமதியால் நடந்தது என்று அழுத்திச் சொல்கிறது. அவர் இறைவனின் குமாரர் என்பதை மறுக்கிறது, திரித்துவத்தை மறுக்கிறது. அவர்கள் அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, இறைவன் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்கிறது. கிறித்தவரின் மீட்புக்கு நடு மையமாக இருப்பது எதுவோ அதையே இஸ்லாம் இல்லை என்கிறது. இதை மென்று விழுங்கிப் பேசுவது இரண்டு சமயங்களுக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஆரம்ப வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஏறத்தாழ 615ஆம் ஆண்டில் மக்காவின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் சிலர் கிறித்தவ நாடான அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரிக் குறைஷிகளின் தூதர் பின்னாலேயே வந்தனர். மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார். மன்னரின் தாடி நனைய அழுகை வந்தது என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு சொல்கிறது. நம் மேடைகளில் பெரும்பாலும் கதை இங்கே முடிந்துவிடும். உண்மையான சோதனை மறுநாள் வந்தது. ஈஸாவைப் பற்றி இவர்கள் சொல்வதைக் கேளுங்கள், அடிமை என்கிறார்கள் என்று குறைஷித் தூதர் அம்ரு இப்னுல் ஆஸ் மூட்டிவிட்டார். உயிர் தப்ப வந்த அகதிகள். ஒரு சொல்லை மாற்றினால் போதும். அவர்கள் கூடிப் பேசி, நபி சொன்னதையே சொல்வது, என்ன வந்தாலும் வரட்டும் என்று முடிவெடுத்தார்கள். அவர் இறைவனின் அடியார், தூதர், கன்னி மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை என்றார் ஜஃபர். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீ சொன்னதற்கும் ஈஸாவுக்கும் இந்தக் குச்சியளவும் வேறுபாடில்லை என்றார். அவையிலிருந்த குருமார் முணுமுணுத்தார்கள். அகதிகள் அங்கேயே பாதுகாப்பாக இருந்தார்கள். முதல் நாள் பொதுவானதைச் சொன்னார்கள், இரண்டாம் நாள் வேறுபடுவதைச் சொன்னார்கள்; இரண்டையும் ஒரே மனிதர், ஒரே அவையில் சொன்னார்.

மூஸா நபியைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும். நபிகளார் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பிருப்பதைக் கண்டார்கள். மூஸாவை இறைவன் காத்த நாள் என்றார்கள். மூஸாவிடம் எங்களுக்கே அதிக உரிமை என்று கூறித் தாமும் நோன்பு நோற்று, மற்றவர்களையும் நோற்கச் சொன்னார்கள். மிஃராஜ் என்னும் விண்ணேற்றப் பயணத்தில் 50 வேளைத் தொழுகை கடமையாக்கப்பட்டபோது, உம் மக்கள் தாங்க மாட்டார்கள், திரும்பிப் போய்க் குறைக்கக் கேளும் என்று மீண்டும் மீண்டும் அனுப்பியவர் மூஸா நபி. பனீ இஸ்ராயீலரோடு, அதாவது இஸ்ரவேல் மக்களோடு, பட்ட அனுபவம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. ஐந்து வேளையாக நின்றது. எங்கள் அன்றாடத் தொழுகையின் எண்ணிக்கையிலேயே அவருடைய பரிவு இருக்கிறது.

யூனுஸ் நபியைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது. தாயிஃப் நகரத்தார் கல்லால் அடித்து விரட்ட, நபிகளார் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கியபோது, அத்தாஸ் என்ற கிறித்தவப் பணியாள் ஒரு குலை திராட்சை கொண்டுவந்தார். எந்த ஊர் என்று கேட்க, நினிவே என்றார் அவர். யூனுஸ் என்ற நல்லவரின் ஊரா என்றார்கள் நபிகளார். உங்களுக்கு அவரை எப்படித் தெரியும் என்று அத்தாஸ் திகைக்க, அவர் என் சகோதரர், அவரும் நபி, நானும் நபி என்றார்கள். சொந்த மக்கள் விரட்டிய அந்த நாளில் முன்பின் தெரியாத ஒரு கிறித்தவரோடு உறவாக நின்றது யூனுஸ் நபியின் பெயர். பைபிளில் யோனா எனப்படும் அவருடைய புத்தகத்தை யூதர்கள் யோம் கிப்பூர் பிற்பகலில் ஜெப ஆலயத்தில் படிக்கிறார்கள். மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்ததைத் தம் அடையாளமாக இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். நினிவே இருந்த இடம் இன்றைய மோசூல். அங்கே யூனுஸ் நபியின் பெயரால் இருந்த பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐஎஸ் அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் அதைச் செய்தார்கள். யூனுஸைவிட நான் சிறந்தவன் என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று தடுத்த ஒரு நபியின் சமுதாயத்துக்கு நேர்ந்த வெட்கம் அது.

தமிழுக்கு வந்து முடிக்கிறேன். முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் காலத்தால் முந்தியது 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா. அதன் பொருள் என்ன தெரியுமா? அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர் நபிகளாரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறார். நபிகளார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார்கள். யூத வேதம் கற்றவரின் வாயால் எழுந்த கேள்விகளோடு தமிழில் இஸ்லாமிய இலக்கியத்தின் பெருவழி திறக்கிறது. மதுரையில் அரங்கேறியது என்பர். இதே கேள்வி நூல் மலாய், ஜாவா மொழிகளிலும் உண்டு. 12ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனுக்கும் போயிற்று. அடுத்து, வண்ணக்களஞ்சியப் புலவரின் இராஜநாயகம். சுலைமான் நபியைக் காப்பியத் தலைவராக்கிய நூல். தமிழ்க் காப்பிய மரபின் நாடும் நகரமும் வருணனையும் பெற்று நிற்கிறார் அந்த நபி. இராமேசுவரத்தில் ஆதமின் மக்களான ஆபில், காபில் பெயரால் நீண்ட அடக்கத் தலங்கள் இருப்பதும், கடலுக்கு அப்பால் இலங்கையில் ஒரு மலை பாவா ஆதம் மலை என்று வழங்குவதும் உங்களுக்குத் தெரிந்ததே.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஷெபா நாட்டு அரசியின் வருகை 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே அவள் விடுகதைகளும் பொன்னும் கந்தவர்க்கமும் கொண்டுவருகிறாள். குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் ஹுத்ஹுத் பறவை செய்தி கொண்டுவருகிறது. பளிங்குத் தளத்தைத் தண்ணீர் என்று எண்ணி அவள் ஆடையைச் சற்றே உயர்த்துகிறாள். எஸ்தர் புத்தகத்துக்கான அரமேய விரிவுரை ஒன்றிலும் பறவையும் கண்ணாடித் தளமும் வருகின்றன. மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு இராஜநாயகத்தைப் படியுங்கள். புலவர் எதைக் குர்ஆனிலிருந்து எடுத்தார், எதை நபிமார் வரலாற்றுக் கதைகளிலிருந்து எடுத்தார், எதைக் கம்பன் வழிவந்த மரபிலிருந்து எடுத்தார் என்று பிரித்துக் காட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடமிருக்கிறது. அரபு தெரிந்த ஒருவரும் பைபிள் தெரிந்த ஒருவரும் தமிழ் யாப்பு தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இந்த வேலை நடக்கும். மூவரும் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.